இருநூறு ரூபாய் லென்ஸும் பப்பாளி மரத்து மாவுப்பூச்சியும்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு "குறைந்த செலவில் மேக்ரோ புகைப்படக் கலை". கலையைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி கிடையாது. நான் பி.காம். படித்து, முப்பத்தைந்து வருஷம் வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். சின்னப் பொருளைப் பெரிதாகப் படம் பிடிப்பது எப்படி, அதற்கு எவ்வளவு செலவாகும், அதனால் நமக்கு என்ன பயன், இந்த மூன்றை மட்டும் சொல்கிறேன்.

பயனிலிருந்தே தொடங்குகிறேன். போன கூட்டத்தில் பின்பக்க மதில் ஓரத்துப் பப்பாளிக்கும் செம்பருத்திக்கும் மருந்து அடிப்பது பற்றிப் பேச்சு வந்தது, நினைவிருக்கும். வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு போல ஒட்டியிருக்கிறது, ஆள் வைத்து அடித்துவிடலாம் என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது. இந்த மாதக் கடைசியில் ஆள் வருகிறார். அந்த இடத்தில்தான் பிள்ளைகள் மாலையில் விளையாடுகிறார்கள். அந்தப் பப்பாளியைத்தான் நாம் பறித்துச் சாப்பிடுகிறோம். அதனால் அந்த வெள்ளை என்னவென்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாமே என்று கைபேசியும் ஒரு லென்ஸுமாகப் போய் நின்றேன். பார்த்ததைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் லென்ஸ்.

வங்கியில் நகைக்கடன் பிரிவில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், நகை மதிப்பீட்டாளர் சட்டைப் பையில் ஒரு மடக்கு லென்ஸ் வைத்திருப்பார். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ். பாத்திரக் கடைக்குப் பக்கத்தில் பட்டறைச் சாமான் விற்கும் கடைகளில் இருநூறு ரூபாய்க்குள் கிடைக்கும். மேக்ரோ படத்துக்கு முதல் மூலதனம் அதுதான். பெட்டியின் மேல் முப்பது மடங்கு, அறுபது மடங்கு என்று அச்சடித்திருந்தால் நம்பாதீர்கள். சரிபார்க்க எளிய கணக்கு இருக்கிறது. 250 மி.மீட்டரை எத்தனை மடங்கோ அதனால் வகுத்தால், அந்த லென்ஸ் எத்தனை மி.மீ. தூரத்தில் தெளிவாகக் காட்டும் என்பது வந்துவிடும். பத்து மடங்கு என்றால் 25 மி.மீ. முப்பது மடங்கு என்றால் எட்டு மி.மீட்டருக்குக் கொஞ்சம் மேல். கடையிலேயே ஒரு ரூபாய் நோட்டை வைத்துப் பாருங்கள். இரண்டரை சென்டிமீட்டர் தூரத்தில் எழுத்து தெளிவாகத் தெரிந்தால் அது பத்து மடங்குதான், பெட்டியில் என்ன போட்டிருந்தாலும் சரி. பத்து மடங்கே நமக்குப் போதும்.

இந்த லென்ஸைக் கைபேசியின் பின்பக்கக் கேமராவுக்கு முன்னால் ஒட்டினாற்போல் பிடித்தால் மேக்ரோ கேமரா தயார். கையில் பிடித்தால் ஆடும். அதனால் நூறு ரூபாய்க்கு இன்னொரு பேக் கவர் வாங்கிக்கொள்ளுங்கள். லென்ஸை அதன் மடக்குச் சட்டத்திலிருந்து கழற்றி, கவரில் முதன்மைக் கேமராவுக்கு நேராக வைத்து, சுற்றிலும் எம்-சீல் பிசைந்து அப்பிவிடுங்கள். காயும் முன் கைபேசியைப் போட்டுப் பார்த்து, நடுவில் இருக்கிறதா என்று சரி செய்துகொள்ள வேண்டும். தேவைப்படும்போது அந்தக் கவரை மாட்டினால் போதும்.

இப்போதைய கைபேசிகளில் மூன்று நான்கு கேமரா இருப்பதால் ஒரு சங்கடம் வரும். பொருளுக்குக் கிட்டே போனதும் கைபேசி தானாகவே வேறு கேமராவுக்கு மாறிவிடும். செட்டிங்கில் தானியங்கி மேக்ரோ என்பதை அணைத்துவிட்டு, ப்ரோ பயன்முறையில் முதன்மைக் கேமராவையே பிடித்து வைக்க வேண்டும். படத்தின் ஓரங்கள் கறுப்பாக வந்தால் இரண்டு மடங்கு ஜூம் போட்டால் சரியாகிவிடும். அப்படிப் போட்டால் படத்தின் அகலத்தில் சுமார் 17 மி.மீ. அளவுள்ள பரப்பு நிறையும். எட்டு மி.மீ. நீளக் கட்டெறும்பு பாதிப் படத்தை அடைத்துக்கொள்ளும். மலிவு விலைக் கைபேசிகளில் 2 மெகாபிக்சல் மேக்ரோ கேமரா என்று ஒன்று வைத்திருப்பார்கள். அதை விட இந்த இருநூறு ரூபாய் லென்ஸ் எவ்வளவோ மேல்.

நம் ஊருக்கே உரிய இன்னொரு கருவி இருக்கிறது. குறிஞ்சிப்பாடி கைத்தறிக்குப் பேர்போன ஊர். தறி வைத்திருக்கும் வீடுகளிலும் கூட்டுறவுச் சங்கங்களிலும் நூல் எண்ணும் கண்ணாடி என்று ஒன்று பார்த்திருப்பீர்கள். மூன்று மடிப்பாக மடங்கும் சின்ன உலோகச் சட்டம். அடியில் சதுரத் துளை, மேலே லென்ஸ். துணி மேல் வைத்து ஓர் அங்குலத்தில் எத்தனை இழை என்று எண்ணுவார்கள். சட்டத்தின் உயரமே லென்ஸின் தூரத்துக்குச் சரியாக அமைந்திருக்கும். எனவே எதன் மேல் வைத்தாலும் ஃபோகஸ் தானாகவே சரியாக இருக்கும், கையும் ஆடாது. அதன் மேல் கைபேசியை வைத்து அழுத்த வேண்டியதுதான். துளையின் ஓரத்தில் அளவுக்கோடுகள் இருப்பதால் படத்திலேயே பூச்சியின் நீளமும் பதிவாகிவிடும். அசையாத பொருளுக்கு இதை விட நல்ல கருவி நான் பார்க்கவில்லை.

உயிரினங்களை இப்படிப் பெரிதாக்கிப் பார்க்கும் வழக்கத்துக்கே துணிக்கும் நூலுக்கும் கடன் உண்டு. ஹாலந்தில் டெல்ஃப்ட் நகரத்தில் ஆன்டனி வான் லேவன்ஹூக் என்று ஒருவர், துணி வியாபாரி. நூலின் தரம் பார்க்க லென்ஸ் பிடித்தவர், பிறகு தானே லென்ஸ் செய்து குளத்து நீரையும் பல் அழுக்கையும் பார்த்து, அதில் உயிர்கள் நீந்துவதை 1670களிலும் 1680களிலும் லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதமாக எழுதினார். கல்லூரிப் படிப்பு கிடையாது. அவர் கருவியில் இருந்தது பட்டாணியை விடச் சிறிய ஒற்றை லென்ஸ்தான். அதே காலத்தில் டச்சுக்காரர்கள் நம் தேவனாம்பட்டினத்திலும் பறங்கிப்பேட்டையிலும் கிடங்கு வைத்து இங்கிருந்து துணி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் லென்ஸின் கீழ் நம் பக்கத்து நூல் போயிருக்குமா என்று யோசிப்பதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

அந்த ஒற்றை லென்ஸ் முறையை நம் காலத்தில் திரும்பக் கொண்டுவந்தவர் இந்தியாவில் பிறந்த மனு பிரகாஷ். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இருக்கிறார். காகிதத்தை மடித்துச் செய்யும் ஃபோல்ட்ஸ்கோப் என்ற நுண்ணோக்கியை 2014-இல் அவர் குழு வெளியிட்டது. அதற்கான பொருள்களின் அடக்க விலை ஒரு டாலருக்கும் குறைவு. 140 மடங்கு பெரிதாக்கும். கைபேசியையும் அதில் பொருத்தலாம். பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் பிறந்தநாள் பரிசாக வாங்கிக் கொடுக்கலாம்.

இனி, வீட்டில் பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா சும்மா கிடப்பவர்களுக்கு. நம் குடியிருப்பில் குறைந்தது ஆறு வீட்டில் கல்யாணத்துக்கு வாங்கிய கேமரா அலமாரியில் இருப்பது எனக்குத் தெரியும். நல்ல மேக்ரோ லென்ஸ் வாங்கப் போனால் பல பத்தாயிரம் ஆகும். தேவையில்லை. மூன்று குறுக்கு வழிகள் உண்டு.

முதல் வழி, இருக்கிற லென்ஸைத் திருப்பிப் போடுவது. ரிவர்ஸ் ரிங் என்ற உலோக வளையம் சில நூறு ரூபாய். ஒரு பக்கம் கேமராவில் மாட்டும், மறுபக்கம் லென்ஸின் முன்மரை திருகும். 50 மி.மீ. லென்ஸைத் திருப்பிப் போட்டால் பொருள் ஏறக்குறைய அதன் நிஜ அளவிலேயே சென்சாரில் விழும். கேமராவோடு வரும் 18-55 லென்ஸைத் திருப்பி 18 பக்கம் வைத்தால் அதைவிடப் பல மடங்கு பெரிதாகும். ஆனால் பொருளின் மேல் மூக்கு இடிக்கிற தூரத்துக்குப் போக வேண்டும். திருப்பிப் போட்டதும் லென்ஸின் துளையைக் கேமராவால் சுருக்க முடியாது. அதனால் துளை வளையம் உள்ள பழைய ஃபிலிம் காலத்து லென்ஸ்தான் இதற்கு ராஜா. மூடப்படும் ஸ்டுடியோக்களில் விசாரித்தால் என்லார்ஜர் லென்ஸும் கிடைக்கலாம். படம் பிரிண்ட் போட உபயோகித்தது. அதைத் திருப்பிப் போட்டால் மூலைக்கு மூலை தெளிவு. பழைய சாமானாகப் போகுமுன் கேட்டு வைப்பது நல்லது.

இரண்டாவது, லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் ஒரு குழாய். இதில் கண்ணாடியே கிடையாது, வெறும் இடைவெளிதான். ஆகவே பிளம்பிங் கடைப் பிவிசி பைப்பில் நாமே செய்துகொள்ளலாம். கேமரா வாய்க்கான மூடி ஒன்று, லென்ஸின் பின்மூடி ஒன்று, இரண்டும் போலி கம்பெனி மூடியாக வாங்கினால் போதும். இரண்டின் நடுவிலும் வட்டமாக வெட்டி எடுத்து, நடுவில் பைப் துண்டை வைத்து ஒட்ட வேண்டும். எனக்கு 63 மி.மீ. பைப் பொருந்தியது. நீங்கள் உங்கள் மூடியை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். உள்பக்கம் கறுப்புச் சார்ட் பேப்பர் சுற்ற மறக்கக் கூடாது. இல்லையென்றால் வெள்ளைப் பைப்பில் வெளிச்சம் பட்டு எதிரொளித்து, படம் பால் ஊற்றியது போல் வரும். அறுத்த தூளை நன்றாகத் துடைத்துவிட்டு மாட்டுங்கள். சென்சாரில் தூள் விழுந்தால் மிச்சம் பிடித்த காசெல்லாம் சர்வீஸுக்குப் போய்விடும்.

குழாய் எவ்வளவு நீளம் என்பதற்கும் கணக்கு உண்டு. குழாயின் நீளத்தை லென்ஸின் எண்ணால் வகுக்க வேண்டும். 50 மி.மீ. லென்ஸுக்கு 25 மி.மீ. குழாய் வைத்தால் பாதி அளவு, 50 மி.மீ. வைத்தால் முழு அளவு. லென்ஸ் தன் பங்குக்குச் செய்கிற பெரிதாக்கல் தனி. இதற்கு வட்டி போல ஒன்று கட்டியாக வேண்டும், அது வெளிச்சம். முழு அளவுக்குப் போகும்போது சென்சாருக்கு வருகிற வெளிச்சம் கால் பங்காகக் குறைந்துவிடும்.

மூன்றாவது, லென்ஸின் முன்னால் மாட்டும் குளோசப் கண்ணாடி. ஜப்பானிய ரேனாக்ஸ் டிசிஆர் 250 என்பது இதில் பெயர் பெற்றது. எட்டு டயாப்டர் சக்தி, பன்னிரண்டரை சென்டிமீட்டர் தூரத்தில் வேலை செய்யும். இந்த மூன்றில் கொஞ்சம் விலை கூடியது அதுதான், ஆனால் காசுக்கு மோசமில்லை. ஒற்றைக் கண்ணாடியில் வரும் மலிவுச் செட்டில் ஓரங்களில் நீலமும் சிவப்புமாக நிறம் பிரியும். அதற்கு என் ஓட்டு இல்லை.

இப்படி ஒட்டுப் போட்ட கருவியை வைத்துக்கொள்வது கௌரவக் குறைச்சல் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன், தமிழ்நாடு கண்ட பெரிய இயற்கையாளர். ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் 1950 முதல் 1996-இல் காலமாகும் வரை பத்தி எழுதினார், பத்மஸ்ரீ வாங்கியவர். அவர் காட்டு யானைகளைப் படம் பிடித்த கேமரா, ஒரு கம்பெனியின் உடல், வேறொரு கம்பெனியின் லென்ஸ், மீதி அவரே சேர்த்துக் கட்டியது. அதற்கு சூப்பர் பாண்டரோசா என்று பெயர் வைத்திருந்தார். அவர் பிடித்தது யானை, நாம் பிடிக்கப்போவது எறும்பு. கட்டிய கம்பி ஒன்றுதான்.

வெளிச்சத்துக்கு வருகிறேன், இதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். மேக்ரோவில் தெளிவாக இருக்கும் ஆழம் மிக மிகக் குறைவு. நிஜ அளவில், எஃப் 11 துளையில், ஒரு மி.மீ. கனம்தான் தெளிவாக இருக்கும். ஈயின் கண் தெளிவாக இருந்தால் இறக்கை மங்கல். துளையை இன்னும் சுருக்கினால் ஆழம் கூடும், வெளிச்சம் போய்விடும். அதனால் ஃபிளாஷ் தேவைப்படுகிறது. ஃபிளாஷை நேராக அடித்தால் வண்டின் முதுகில் வெள்ளைத் திட்டு விழும். அந்த ஒளியைப் பரப்ப வேண்டும். குழல் டப்பாவில் வருகிற உருளைச் சிப்ஸ் சாப்பிட்ட பிறகு டப்பாவைத் தூக்கிப் போடாதீர்கள். உள்ளே வெள்ளி போலப் பளபளக்கும். அதை ஃபிளாஷில் செருகி, வாயில் பட்டர் பேப்பர் கட்டி, லென்ஸின் நுனி வரை நீட்டி வளைத்தால் நல்ல பரப்பி. ஃபிரிட்ஜ் சுற்றி வரும் வெள்ளை நுரைத் தாளும் அருமை. வெறும் கைபேசிக்காரர்கள் ஒரு சின்ன எல்இடி டார்ச்சின் மேல் வெள்ளைத் தயிர்க் கப்பைக் கவிழ்த்துக் கட்டிக்கொள்ளுங்கள். ஃபிளாஷைச் சிறு சக்தியில், பதினாறில் ஒரு பங்கு, முப்பத்திரண்டில் ஒரு பங்கு என்று வைத்தால் அது மின்னும் நேரம் பத்தாயிரத்தில் ஒரு நொடி அளவுக்கு வந்துவிடும். பூச்சி அசைந்தாலும் கை நடுங்கினாலும் படத்தில் தெரியாது. என் வயதுக்காரர்களுக்கு இது பெரிய வரம்.

மற்ற சில்லறைச் சாமான்கள்: பழைய கைலித் துணியில் புளியங்கொட்டை நிரப்பித் தைத்த தலையணை, கேமராவைத் தரையில் சாய்க்க. காற்றில் ஆடும் காம்பைப் பிடிக்க, கட்டுக்கம்பியின் ஒரு நுனியில் துணிக் கிளிப், மறுநுனியில் செங்கல். பின்னணிக்குப் பச்சைச் சார்ட். அவ்வளவுதான். ஃபோகஸ் வளையத்தைத் திருகாதீர்கள். உடம்பை முன்னும் பின்னும் ஒரு நெல் அளவு அசைத்துத் தெளிவு வரும்போது அழுத்த வேண்டும். பத்து எடுத்தால் ஒன்று தேறும், அது எல்லோருக்கும் அப்படித்தான். நேரம், காலை ஆறு முதல் ஏழரை. பூச்சிகள் குளிரில் மந்தமாக இருக்கும். மார்கழிப் பனியில் தட்டான் இறக்கையெல்லாம் முத்துக் கோத்தது போல் நிற்கும். சிலர் பூச்சியை ஃபிரிட்ஜில் வைத்து எடுத்துவந்து படம் பிடிப்பதாகக் கேள்விப்படுகிறேன். அது வேண்டாம்.

பூச்சியில் ஆர்வம் இல்லாதவர்களும் இந்த லென்ஸை வைத்துக்கொள்ளலாம். உங்கள் வளையலின் உள்பக்கம் பாருங்கள். 916 என்பது 22 காரட். 2021 ஜூலைக்குப் பின் வந்த ஹால்மார்க் நகையில் ஆறு இலக்க எச்யுஐடி எண் ஒன்றும் பொறித்திருக்கும், எழுத்தும் எண்ணும் கலந்தது. வெறும் கண்ணுக்குக் கோடு போலத்தான் தெரியும். இந்த லென்ஸில் படம் எடுத்துப் பெரிதாக்கி, பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் நகைக்கான விவரம் வரும். கல்யாணத்துக்கு நகை எடுக்கப் போகிறவர்கள் இதைச் செய்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

கொசுவும் அப்படித்தான். மொட்டை மாடித் தொட்டியில் நெளியும் புழுவை ஒரு வெள்ளை மூடியில் கொஞ்சம் தண்ணீரோடு எடுத்து மேலிருந்து படம் பிடியுங்கள். வால் பக்கம் மூச்சுக்குழல் நீளமாக மெலிந்திருந்தால் கியூலெக்ஸ், இரவில் கடிப்பது. குட்டையாகத் தடித்திருந்தால் ஏடிஸ், டெங்கு பரப்புவது, பகலில் கடிப்பது. குழலே இல்லாமல் தண்ணீர் மட்டத்தோடு படுத்திருந்தால் அனாஃபிலஸ், மலேரியாவுக்கு உரியது. ஏடிஸ் சுத்தமான தேங்கிய நீரில், நம் பூந்தொட்டித் தட்டிலும் ஃபிரிட்ஜின் பின் தட்டிலும் வளரும். முட்டையிலிருந்து கொசுவாக ஏழு முதல் பத்து நாள். வாரம் ஒரு முறை கொட்டச் சொல்வது அதனால்தான். தெரு முழுக்கப் புகை அடிக்கச் சொல்லி மனு எழுதுவதற்கு முன், நம் மாடியில் எது வளர்கிறது என்று ஒரு படத்தோடு எழுதினால் மனுவுக்கும் எடை கூடும்.

இப்போது பப்பாளி. அந்த வெள்ளைப் பஞ்சு மாவுப்பூச்சிதான், சந்தேகமில்லை. பப்பாளி மாவுப்பூச்சி வெளிநாட்டிலிருந்து வந்தது. இந்தியாவில் முதலில் 2008-இல் கோயம்புத்தூரில் கண்டார்கள். பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று எல்லாவற்றையும் பிடித்து நம் மாநில விவசாயிகளைப் படுத்தி எடுத்தது. மருந்து அடித்தும் தீரவில்லை. அதன் உடம்பின் மேல் மெழுகு இருப்பதால் மருந்து ஒட்டாது. கடைசியில் 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒரு மி.மீ. கூட இல்லாத குட்டிக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள், அசெரோஃபேகஸ் பப்பாயே என்று பெயர். அது மாவுப்பூச்சிக்குள் முட்டையிடும். அடுத்த ஓரிரு வருஷத்தில் தொல்லை அடங்கியது.

நான் நம் மரத்தில் எடுத்த படங்களைத் திரையில் பார்க்கிறீர்கள். முதல் படத்தில் இருப்பது மாவுப்பூச்சி. மூன்று மி.மீ. இருக்கும், அசையவில்லை. இரண்டாவது படத்தைப் பாருங்கள். இதுவும் வெள்ளைப் பஞ்சுதான், ஆனால் நாலு மடங்கு நீளம், பஞ்சு நூல் நூலாகத் தொங்குகிறது, கால் தெரிகிறது, ஓடுகிறது. இது மாவுப்பூச்சி இல்லை. கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டின் குஞ்சுப் புழு, மாவுப்பூச்சியைத் தின்று வளர்வது. ஆஸ்திரேலியாவிலிருந்து 1898-இலேயே நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. இரை போலவே வெள்ளை வேஷம் போட்டுக்கொண்டு நடுவில் உட்கார்ந்து தின்கிறது. நாலடி தள்ளி நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஓர் இலையில் மட்டும் ஐந்து எண்ணினேன். மூன்றாவது படத்தில் பழுப்பாக உப்பி, முதுகில் வட்டத் துளையோடு காய்ந்து கிடப்பவை, குளவி தின்று வெளியேறிய மாவுப்பூச்சிக் கூடுகள். ஆக நம் மரத்தில் ஏற்கெனவே வேலையாட்கள் வந்து வேலையை ஆரம்பித்துவிட்டார்கள், சம்பளம் இல்லாமல். மருந்து அடித்தால் மெழுகு போர்த்திய மாவுப்பூச்சி பாதி பிழைக்கும். வண்டும் குளவியும் முதலில் போகும். பிறகு வருஷம் மூன்று தடவை மருந்துக்காரரைக் கூப்பிட வேண்டியதுதான்.

அதனால் நிர்வாகக் குழுவிடம் நான் கேட்பது, பப்பாளிக்கும் செம்பருத்திக்கும் மருந்து அடிப்பதை இருபது நாள் தள்ளி வையுங்கள். அதற்குள் மிக மோசமான கிளைகளை வெட்டிப் பையில் கட்டி அப்புறப்படுத்திவிடலாம். மரத்தில் ஏறும் எறும்பைத் தடுக்க வேண்டும். மாவுப்பூச்சி சுரக்கும் இனிப்புக்காக எறும்புதான் அதற்குக் காவல் நிற்கிறது, வண்டை விரட்டுகிறது. அடிமரத்தில் துணி சுற்றிக் கிரீஸ் தடவினால் ஏறாது. மூன்று நாளுக்கு ஒரு முறை அதே இலைகளை அதே இடத்திலிருந்து நான் படம் எடுத்து, எண்ணிக்கையோடு வாட்ஸ்அப் குழுவில் போடுகிறேன். எண்ணிக்கை குறையாவிட்டால் மருந்துக்காரர் வரட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை.

எண்ணுவதற்குத் துணை வேண்டும். வருகிற ஞாயிறு காலை ஆறரைக்குப் பின்பக்க மதில் ஓரம் இருப்பேன். லென்ஸ் ஒட்டிய கவர் இரண்டு வைத்திருக்கிறேன், நூல் எண்ணும் கண்ணாடி ஒன்று இரவல் வாங்கியிருக்கிறேன். எம்-சீல் என் செலவு. பேக் கவரும் லென்ஸும் கொண்டுவருபவர்களுக்கு அங்கேயே ஒட்டித் தருகிறேன். காய ஒரு மணி நேரம் ஆகும். காபி பிளாஸ்க்கில் வரும்.